ஒரே தட்டு, மூன்று தலையெழுத்து

1970 மார்ச் மாதம் அமெரிக்காவில் 'கோல்ட் ஃபேக்ட்' என்று ஓர் ஆல்பம் வெளிவந்தது. பன்னிரண்டு பாடல்கள்; மொத்தமாகக் கேட்க அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலாகும். பாடியவர் சிக்ஸ்டோ ரொட்ரிகஸ், வயது 27. மெக்சிகோவிலிருந்து பிழைப்புத் தேடி டெட்ராய்ட் நகரத்துக்கு வந்த குடும்பத்தில் ஆறாவது பிள்ளை. அவருக்கு அதுதான் முதல் ஆல்பம்.

அமெரிக்காவில் அது போணியாகவில்லை. எத்தனை பிரதி விற்றது என்று பின்னாளில் கேட்டபோது, ஆறு விற்றிருக்கலாம் என்று கிண்டலாகச் சொன்னார் அதை வெளியிட்ட நிறுவனத்தின் முதலாளி கிளாரன்ஸ் அவான்ட். அடுத்த ஆண்டு வந்த இரண்டாவது ஆல்பமும் படுத்துவிட்டது. ரொட்ரிகஸ் பாட்டை மூட்டை கட்டி வைத்துவிட்டு, பழைய கட்டடங்களை இடிக்கும் வேலைக்கும் வீடு பழுது பார்க்கும் வேலைக்கும் போனார்.

அதே தட்டு தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. அங்கே வெள்ளையர் குடும்பத்து இளைஞர்களின் வீடுகளில் பீட்டில்ஸின் 'அபி ரோட்' பக்கத்தில் அதற்கும் ஓர் இடம் கிடைத்தது. ஒரு தலைமுறையே அதை மனப்பாடமாகப் பாடியது. விற்பனை பிளாட்டினத்தைத் தொட்டது. பாடியவருக்கோ இதில் ஒரு சேதியும் தெரியாது.

அதே தட்டு ஆஸ்திரேலியாவுக்கும் போனது. அங்கே மெதுவாகப் பற்றிக்கொண்டது. 1979இல் அவரை அழைத்து வந்து மேடையேற்றினார்கள். 1981இல் மறுபடியும் வந்து 'மிட்நைட் ஆயில்' குழுவோடு பாடினார்.

பாட்டு மாறவில்லை, குரல் மாறவில்லை, பாடிய மொழியும் கேட்டவர்களுக்குப் புரிந்த மொழிதான். ஆனாலும் ஓரிடத்தில் குப்பை, ஓரிடத்தில் காவியம், ஓரிடத்தில் நல்ல வரவேற்பு. நல்ல பாட்டு ஜெயிக்கும், சுமாரான பாட்டு தோற்கும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் கணக்கு இதில் எங்கே பொருந்துகிறது? சமூகவியலாளர்களும் கணித அறிஞர்களும் மூளை ஆய்வாளர்களும் இந்தக் கேள்விக்குத் தனித்தனியாக விடை தேடியிருக்கிறார்கள். மூவரின் விடைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் படம் முழுதாகிறது.

முதுகு காட்டிப் பாடியவர்

முதலில், தட்டிலேயே கோளாறு இருந்ததா என்று பார்த்துவிடலாம்.

ரொட்ரிகஸைக் கண்டெடுத்தவர்கள் டென்னிஸ் காஃபி, மைக் தியோடர் என்ற இரு தயாரிப்பாளர்கள். டெட்ராய்ட் ஆற்றங்கரையில் 'த சூவர்' என்ற மதுக்கடையில் ஒருவர் பாடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனார்கள். உள்ளே புகைமூட்டம். ஒரு மூலையில் ஒருவர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்தபடி கிடார் வாசித்துக்கொண்டிருந்தார். முகம் தெரியவில்லை, பாட்டு மட்டும் கேட்டது. வேறு வழியில்லாமல் வரிகளைக் கவனித்ததாகவும், கவனித்ததில் அசந்துபோனதாகவும் இருவரும் பின்னர் சொன்னார்கள்.

இவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. காஃபி, மோட்டவுன் நிறுவனத்தின் ஸ்டுடியோக் கலைஞர்களில் ஒருவர். 1968இல் 'டெம்ப்டேஷன்ஸ்' குழுவின் 'க்ளவுட் நைன்' பாட்டில் கிடாரை அழவைத்த அந்த 'வா-வா' ஓசை இவருடையது. 'கோல்ட் ஃபேக்ட்' 1969இல் டெட்ராய்டின் டெரா ஷிர்மா ஸ்டுடியோவில் பதிவானது. பேஸ் கிடார் வாசித்த பாப் பாபிட்டும் மோட்டவுன் ஆள்தான். முதல் பாட்டான 'சுகர் மேன்' கேட்டால் உழைப்பு புரியும். ஒற்றைக் கிடாரும் அலட்டிக்கொள்ளாத குரலும் முன்னால் நிற்கின்றன. பின்னணியில் ஊதுகருவிகளும் மின்னொலிகளும் சுழன்று சுழன்று எழுந்து அடங்குகின்றன. போதைமருந்து விற்பவனைப் பற்றிய பாட்டு. அதற்குரிய தள்ளாட்டத்தை இசையே செய்துகாட்டுகிறது.

வெளியிட்டவருக்கு விற்கத் தெரியவில்லை என்றும் சொல்ல முடியாது. அவான்டின் 'சசெக்ஸ்' நிறுவனம்தான் அடுத்த ஆண்டு, 1971இல், பில் விதர்ஸ் என்ற இன்னொரு அறிமுகப் பாடகரை வெளியிட்டது. அவருடைய 'எய்ன்ட் நோ சன்ஷைன்' இன்றைக்கும் உலகம் முழுக்க ஒலிக்கிறது. அதே ஆண்டு அதே நிறுவனத்தில் டென்னிஸ் காஃபியே வெளியிட்ட 'ஸ்கார்ப்பியோ' என்ற வாத்திய இசை பத்து லட்சம் பிரதி விற்றது. அதே முதலாளி, அதே கிடார்காரர். முடிவு மட்டும் வேறு.

காரணம் சொல்வதில் நமக்குப் பஞ்சமே இல்லை. ரொட்ரிகஸ் கூச்ச சுபாவி. பெயர் லத்தீன் அமெரிக்கப் பெயர். அதே மார்ச்சில் கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் அண்ட் யங் குழுவின் 'டேஜா வூ' வந்து கடைகளை அடைத்துக்கொண்டது. எல்லாம் உண்மைதான். ஆனால் அவர் ஜெயித்திருந்தாலும் இதே உண்மைகளை வைத்தே காரணம் சொல்லியிருப்போம். கூச்சத்தை மர்மம் என்றும், பெயரைப் புதுமை என்றும் கொண்டாடியிருப்போம். முடிவு தெரிந்த பிறகு சொல்லப்படும் காரணத்தை நம்புவதற்கில்லை. ஒரே பாட்டை மறுபடி மறுபடி உலகத்தில் இறக்கிவிட்டுப் பார்த்தால் மட்டுமே எது தற்செயல், எது தரம் என்று பிரிக்க முடியும்.

அப்படி ஒரு சோதனையை நிஜமாகவே செய்துபார்த்திருக்கிறார்கள்.

எட்டு உலகங்கள்

கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவர் 'மியூசிக் லேப்' என்ற இணையதளத்தை உருவாக்கினார்கள். யாரும் கேள்விப்பட்டிராத குழுக்களின் 48 பாடல்களை அதில் வைத்தார்கள். வந்தவர்கள் பாட்டைக் கேட்கலாம்; ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பெண் போடலாம்; பிடித்திருந்தால் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மொத்தம் 14,341 பேர் கலந்துகொண்டார்கள். முடிவு 2006இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது.

சூட்சுமம் இதுதான். வந்தவர்களை அவர்கள் அறியாமலே பல குழுக்களாகப் பிரித்துவிட்டார்கள். ஒரு குழுவுக்குப் பாட்டின் பெயரும் பாடியவர்களின் பெயரும் மட்டும் தெரியும். அவரவர் காதுதான் நீதிபதி. மீதிப் பேரை எட்டு 'உலகங்களாக' வகுத்தார்கள். ஒவ்வோர் உலகத்திலும் எல்லாப் பாட்டும் பூஜ்யத்தில் தொடங்கும். ஆனால் இங்கே, இதற்கு முன் எத்தனை பேர் எந்தப் பாட்டை இறக்கியிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை திரையில் தெரியும், தம் உலகத்தைச் சேர்ந்தவர்களுடைய எண்ணிக்கை மட்டும்.

தரம்தான் தீர்மானிக்கிறது என்றால் எட்டு உலகத்திலும் ஏறக்குறைய ஒரே பாட்டு முதலிடம் பிடிக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. '52 மெட்ரோ' என்ற குழுவின் 'லாக்டவுன்' என்ற பாட்டு, காதை மட்டும் நம்பியவர்களின் கணக்கில் 48இல் 26ஆவது இடம். அதாவது நட்டநடு ரகம். அதே பாட்டு ஓர் உலகத்தில் முதலிடம் பிடித்தது. இன்னோர் உலகத்தில் 40ஆவது இடத்தில் கிடந்தது. அந்த முதலிட உலகத்தில் மட்டும் வாழ்ந்த ஒரு விமர்சகர், 'லாக்டவுன்' ஏன் ஜெயித்தது என்று பத்துப் பக்கம் எழுதியிருப்பார். நாற்பதாவது இடத்து உலகத்துக்காரர் அப்படி ஒரு பாட்டு இருந்ததையே மறந்திருப்பார்.

அடுத்தபடியாக எண்ணிக்கையை இன்னும் எடுப்பாகக் காட்டிப் பார்த்தார்கள். அதிகம் இறக்கப்பட்ட பாட்டு மேலே, குறைந்தது கீழே என்று வரிசையாக அடுக்கினார்கள். உடனே இரண்டு விஷயம் நடந்தது. பெரிய பாட்டு இன்னும் பெரிதாகி, சிறிய பாட்டு இன்னும் சிறிதானது. கூடவே, எது பெரிதாகும் என்று முன்கூட்டிச் சொல்வதும் இன்னும் கடினமானது. பிறரைப் பார்த்து நாம் முடிவெடுப்பது கூடக்கூட, வெற்றியும் பெரிதாகிறது, குருட்டாம்போக்கும் கூடுகிறது.

தரத்துக்கு மதிப்பே இல்லையா? உண்டு. மிகச் சிறந்த பாட்டுகள் எந்த உலகத்திலும் அடியோடு விழவில்லை. படுமோசமானவை எங்கேயும் சிகரம் தொடவில்லை. ஆனால் இந்த இரண்டு முனைக்கும் நடுவே இருப்பவை எங்கே வேண்டுமானாலும் போய்ச் சேரலாம். தரம் வாசலைத் திறந்துவிடுகிறது. உள்ளே போன பிறகு எந்த நாற்காலி என்பதை வேறொன்று முடிவு செய்கிறது.

பானைக்குள் இரண்டு பந்து

அந்த வேறொன்று என்ன என்பதைக் கணிதம் வெகு எளிமையாகக் காட்டிவிடுகிறது. 1923இல் ஹங்கேரியக் கணித மேதை ஜார்ஜ் போல்யாவும் எஃப். எகன்பெர்கரும் விவரித்த மாதிரி இது. வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

ஒரு பானையில் ஒரு சிவப்புப் பந்தும் ஒரு வெள்ளைப் பந்தும் இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுங்கள். வந்தது சிவப்பு என்றால் அதைத் திரும்பப் போட்டு, கூடவே இன்னொரு சிவப்பையும் போடுங்கள். வெள்ளை என்றால் கூட ஒரு வெள்ளை. இப்படியே எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் தடவை இரண்டுக்கும் சம வாய்ப்பு. சிவப்பு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது பானையில் இரண்டு சிவப்பு, ஒரு வெள்ளை. அடுத்தும் சிவப்பு வர வாய்ப்பு மூன்றில் இரண்டு. மறுபடி சிவப்பே வந்தால் நான்கில் மூன்று. பிறகு ஐந்தில் நான்கு. முதல் சில தடவைகளில் விழும் ஒவ்வொரு பந்தும் விகிதத்தைத் தூக்கிப் போடுகிறது. பானையில் ஆயிரம் பந்து சேர்ந்த பிறகு ஒரு பந்து கூடினாலும் குறைந்தாலும் விகிதம் அசையாது. அப்படியே உறைந்துவிடும்.

எந்த விகிதத்தில் உறையும்? வியப்பு இங்கேதான். நூற்றுக்கு ஐம்பதில் உறையும் வாய்ப்பும், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தில் உறையும் வாய்ப்பும் சமம். எந்த விகிதமும் எந்த விகிதத்தைவிடவும் உசத்தி இல்லை. பத்துப் பேர் பத்துப் பானையில் இதைச் செய்தால் பத்து விதமாக முடியும். ஒவ்வொரு பானையும் ஒரு கட்டத்துக்கு மேல் அசையாமல் நிற்கும் என்பதால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதுதான் இயற்கையான முடிவு என்றே தோன்றும்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பரோட்டாக் கடை இருந்து, ஒன்றில் நாலு பேர் உட்கார்ந்திருந்தால் ஐந்தாமவர் எங்கே போவார்? அவ்வளவுதான் விஷயம். இதையே அறிவியல் உலகத்தில் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968இல் சுட்டிக்காட்டினார்: ஒரே கண்டுபிடிப்பை இருவர் செய்தாலும், ஏற்கெனவே பெயர் பெற்றவருக்கே பாராட்டு போய்ச் சேர்கிறது. 1999இல் ஆல்பர்ட் லாஸ்லோ பராபாசியும் ரேகா ஆல்பர்ட்டும் இணைய வலைப்பின்னலிலும் இதே விதி இயங்குவதைக் காட்டினார்கள்: ஏற்கெனவே நிறைய இணைப்புகள் உள்ள பக்கத்துக்கே புது இணைப்பும் சேர்கிறது. இருக்கிற இடத்திலேயே சேர்கிறது என்று நம் பாட்டிகள் அலுத்துக்கொண்டதைத்தான் சமன்பாடாக எழுதியிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் ரொட்ரிகஸின் பானையில் முதல் சில பந்துகள் வெள்ளையாக விழுந்துவிட்டன. வானொலியில் பாட்டு சுற்றவில்லை. சுற்றாததால் கடைக்காரர்கள் தட்டை வாங்கி வைக்கவில்லை. கடையில் இல்லாத தட்டை வானொலிக்காரர்கள் ஏன் போடப் போகிறார்கள்?

பழகப் பழகப் பிடிக்கும்

ஆட்டு மந்தை என்று சிரிக்கலாம். ஆனால் மந்தை நம் மூளைக்குள்ளேயும் இருக்கிறது.

1968இல் ராபர்ட் சயோன்ஸ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். சீன எழுத்துகளைப் போன்ற குறிகளையும், அர்த்தமில்லாத சொற்களையும் ஆட்களுக்குக் காட்டினார். சிலவற்றை ஒரு முறை, சிலவற்றைப் பல முறை. பிறகு எது நல்ல பொருள் கொண்டதாகத் தோன்றுகிறது என்று கேட்டார். அதிக முறை கண்ணில் பட்டவையே அதிகம் பிடித்திருந்தன. பொருள் தெரியாது, பயன் கிடையாது. பார்த்த பழக்கம் ஒன்றே போதுமானதாக இருந்தது.

பாட்டுக்கு இது இன்னும் வலுவாகப் பொருந்தும். ஏனென்றால் இசை இன்பமே எதிர்பார்ப்பில் கட்டப்பட்டது. அடுத்த ஸ்வரம் எங்கே போகும் என்று மூளை கணித்துக்கொண்டே கேட்கிறது. 2011இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் வலோரி சலிம்பூர், ராபர்ட் சட்டோர் குழு இதைப் படம்பிடித்தது. பிடித்த பாட்டில் உச்சகட்டம் வரும்போது மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரந்தது. அதைவிட முக்கியம், உச்சகட்டம் வரப்போகிறது என்று காத்திருக்கும் நொடிகளிலேயே மூளையின் இன்னொரு பகுதியில் அது சுரக்கத் தொடங்கிவிட்டது. 2019இல் வின்சென்ட் சியங் குழு, பில்போர்டு பட்டியலில் இடம்பெற்ற 745 பாடல்களின் 80,000 கார்டுகளை, அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கொத்துகளை, கணினியில் அலசியது. அடுத்தது என்ன என்று உறுதியாகத் தெரிந்திருக்கும்போது வரும் திருப்பமும், எதுவும் புரியாமல் தவிக்கும்போது வரும் எதிர்பார்த்த கார்டும், இவை இரண்டும்தான் கேட்பவருக்கு மிக இன்பமாக இருந்தன.

அப்படியானால் ஒரு பாட்டின் திருப்பம் இனிக்க வேண்டுமென்றால், அதன் போக்கு ஓரளவு பழகியிருக்க வேண்டும். பழக, பல முறை கேட்க வேண்டும். பல முறை கேட்க, யாராவது அதைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். 1950களில் அமெரிக்க இசை நிறுவனங்கள் வானொலி அறிவிப்பாளர்களுக்கு லஞ்சம் கொடுத்துப் பாட்டைச் சுற்றவிட்டது சும்மாவா? விஞ்ஞானிகள் சொல்வதற்கு முன்பே வியாபாரிகளுக்கு இந்த உண்மை தெரிந்திருந்தது.

மூளையைப் படம்பிடித்தாவது ஹிட்டை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்றும் பார்த்தார்கள். எமரி பல்கலைக்கழகத்தின் கிரெகரி பெர்ன்ஸ், சாரா மூர் இருவரும் பதின்வயதினர் 27 பேரின் மூளையை, பெயர் தெரியாத குழுக்களின் 120 பாடல்களைக் கேட்கும்போது எஃப்.எம்.ஆர்.ஐ. கருவியில் ஆராய்ந்தார்கள். அடுத்த மூன்று ஆண்டுகளில் அந்தப் பாடல்கள் எவ்வளவு விற்றன என்று ஒப்பிட்டு 2012இல் வெளியிட்டார்கள். எவ்வளவு பிடித்தது என்று அவர்கள் வாயால் சொன்னதற்கும் பின்னாள் விற்பனைக்கும் சம்பந்தமே இல்லை. மூளையின் இன்ப மையம் காட்டிய சலனத்துக்கும் விற்பனைக்கும் ஒரு தொடர்பு இருந்தது, ஆனால் பலவீனமான தொடர்பு. மண்டைக்குள் எட்டிப் பார்த்தாலும் தலையெழுத்து முழுதாகத் தெரிவதில்லை.

நெருக்கமான ஊரில் சேதி பரவும்

சரி, தென்னாப்பிரிக்காவில் மட்டும் எப்படிப் பற்றிக்கொண்டது?

அமெரிக்கப் பெண் ஒருத்தி தன் காதலனைப் பார்க்க வரும்போது ஒரு பிரதியைக் கையோடு கொண்டுவந்தாள், அதிலிருந்து நகலெடுத்து நகலெடுத்துப் பரவியது என்று ஒரு கதை அங்கே உலவுகிறது. கதை எப்படி இருந்தாலும், தட்டு 1971இல் அங்கே முறைப்படியே வெளியானது. அன்றைய தென்னாப்பிரிக்கா நிறவெறி அரசின் பிடியில் அடைபட்டுக் கிடந்த நாடு. தொலைக்காட்சியே 1976இல்தான் வந்தது. அரசு வானொலிக்குப் பிடிக்காத பாட்டு அலையில் ஏறாது. வானொலியின் ஆவணக் காப்பகத்தில் இருந்த 'கோல்ட் ஃபேக்ட்' தட்டில் 'சுகர் மேன்' இருக்கும் பள்ளத்தை மட்டும் கூரிய கருவியால் கீறி வைத்திருந்தார்கள், தவறியும் யாரும் போட்டுவிடக் கூடாது என்று. வெளிநாட்டுக் கலைஞர்களோ நிறவெறியை எதிர்த்து அந்த நாட்டைப் புறக்கணித்தார்கள். புதுப் பாட்டு வந்து பழைய பாட்டைத் தள்ளிவிடும் வேகம் அங்கே குறைவு.

வெள்ளை இளைஞர்கள் ஒரே மாதிரிப் பள்ளியில் படித்து, கட்டாய ராணுவ சேவைக்குப் போய், ஒரே பாசறையில் மாதக்கணக்கில் கிடந்தார்கள். கேசட் கைமாறியது. அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் வரிகளைக் கேட்டவர்களுக்கு, இப்படியெல்லாம் பாடலாமா என்ற அதிர்ச்சியே ஒரு விடுதலை. பின்னாளில் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் நிறவெறிக்கு எதிராகப் பாடிய இளம் பாடகர்களில் சிலர் தங்களுக்கு வழிகாட்டியாக ரொட்ரிகஸைச் சொன்னார்கள்.

இந்தச் சூழல் ஏன் தோதானது என்பதற்கும் ஒரு சோதனை விளக்கம் தருகிறது. சமூகவியலாளர் டேமன் சென்டோலா 2010இல் 1,528 பேரை இணையத்தில் செயற்கையான நட்பு வட்டங்களில் இணைத்தார். சில வட்டங்களில் நண்பனின் நண்பன் உனக்கும் நண்பன், நெருக்கமான பின்னல். மற்றவற்றில் தொடர்புகள் கண்டபடி சிதறியிருந்தன. ஒரு புதுப் பழக்கத்தை உள்ளே விட்டுப் பார்த்தார். சிதறிய வலையில் 38 சதவீதம் பேரை எட்டிய அது, நெருக்கமான வலையில் 54 சதவீதம் பேரை, அதுவும் வேகமாக, எட்டியது. வதந்தி ஒருவர் காதில் விழுந்தாலே போதும், பரவிவிடும். பழக்கமும் ரசனையும் அப்படியல்ல. இரண்டு மூன்று பக்கத்திலிருந்து ஒரே சமயத்தில் தட்டினால்தான் கதவு திறக்கும். பாசறைக் கூட்டத்தில் அந்தத் தட்டல் தினமும் நடந்தது. பரந்து கிடந்த அமெரிக்காவில் அங்கொருவர் இங்கொருவராகக் கேட்டவர்களுக்கு, அடுத்தவர் கேட்கிறார் என்பதே தெரியாது.

மேடையிலேயே தீக்குளித்து இறந்தார், இல்லை, தன்னையே சுட்டுக்கொண்டார் என்றெல்லாம் தென்னாப்பிரிக்காவில் ரொட்ரிகஸைப் பற்றி வதந்திகள் ஓடின. உண்மையில் என்ன ஆனார் என்று ஸ்டீஃபன் செகர்மன், கிரெய்க் பார்தலோமியூ ஸ்ட்ரைடம் என்ற இரு ரசிகர்கள் தேடினார்கள். பாட்டு வரியில் வந்த 'டியர்பான்' என்ற ஊர்ப் பெயரை வரைபடத்தில் தேடியபோது அது டெட்ராய்டை ஒட்டி இருந்தது. அந்த நூலைப் பிடித்துப் போய் 1997இல் மைக் தியோடரை எட்டினார்கள். பாடகர் செத்துப் போகவில்லை, அதே டெட்ராய்டில் கூலி வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. 1998 மார்ச்சில் தென்னாப்பிரிக்க மேடையில் அவர் நின்றபோது, ஆயிரக்கணக்கானோர் எழுப்பிய கூச்சலில் பல நிமிடம் பாட்டைத் தொடங்கவே முடியவில்லை.

தாமதமாக விழிப்பவை

இப்படி நெடுங்காலம் உறங்கி, பிறகு விழித்துக்கொள்வது இசைக்கு மட்டும் நேர்வதில்லை. யாரும் சீந்தாமல் கிடந்து திடீரென்று மேற்கோள் குவியும் ஆய்வுக் கட்டுரைகளை 'தூங்கும் அழகிகள்' என்று 2004இல் அழைத்தார் டச்சு ஆய்வாளர் ஆன்டனி வான் ரான். 2015இல் இண்டியானா பல்கலைக்கழகக் குழு 2.2 கோடி ஆய்வுக் கட்டுரைகளை அலசியது. இத்தகைய தாமத விழிப்பு அபூர்வ விபத்து என்று ஒதுக்கக்கூடியதல்ல என்று கண்டது. 1935இல் ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் எழுதிய குவாண்டம் கட்டுரையே பல பத்தாண்டுகள் தூங்கி, 1990களில்தான் முழுதாக விழித்தது. எழுப்பிவிடுபவர் பெரும்பாலும் வேறு துறைக்காரராக இருக்கிறார் என்பதும் அந்த ஆய்வின் முடிவு. ரொட்ரிகஸை எழுப்பியவர்களும் வேறு கண்டத்துக்காரர்கள்தான்.

2008இல் அமெரிக்காவில் 'லைட் இன் தி அட்டிக்' நிறுவனம் 'கோல்ட் ஃபேக்ட்' ஆல்பத்தை மறுபடி வெளியிட்டது. 2012இல் ஸ்வீடன் இயக்குநர் மாலிக் பென்ஜெலூலின் 'சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்' ஆவணப்படம் வந்து, அடுத்த ஆண்டு ஆஸ்கர் வென்றது. ஆஸ்திரேலியாவில் அவர் முன்பே மேடையேறியதை அந்தப் படம் சொல்லாமல் விட்டது. அதைச் சொன்னால் அதிசயம் கொஞ்சம் இறங்கிவிடும். ஆனால் அறிவியலுக்கு அந்த மூன்றாவது நாடுதான் பெரிய சாட்சி. இரண்டே முடிவு இருந்தால் ஒன்றைச் சரி, மற்றதைத் தவறு என்று சொல்லிவிடலாம். மூன்று நாட்டில் மூன்று முடிவு என்னும்போது, சரியான முடிவு என்று ஒன்று முன்கூட்டியே இருந்ததா என்பதே சந்தேகமாகிறது. அமெரிக்கா நாற்பதாண்டு தாமதமாக அவரைக் கொண்டாடியது. ரொட்ரிகஸ் 2023 ஆகஸ்ட் 8 அன்று, 81ஆவது வயதில் காலமானார்.

சால்கனிக்கும் வாட்ஸும் 2008இல் செய்த இன்னொரு சோதனை கொஞ்சம் ஆறுதல் தருகிறது. இம்முறை பட்டியலை வேண்டுமென்றே தலைகீழாக்கி, கடைசிப் பாட்டை முதலிடம் என்று பொய் சொன்னார்கள். பெரும்பாலான பாடல்களுக்கு அந்தப் பொய்யே மெய்யானது. ஆனால் மிகச் சிறந்த சில பாடல்கள் நாளாக நாளாகத் தாமே மேலேறின. அங்கே வேறொன்றும் நடந்தது: பட்டியல் பொய்யாக இருந்த உலகங்களில் மக்கள் மொத்தமாகவே குறைந்த பாடல்களைத்தான் இறக்கினார்கள். மோசமான பாட்டை முதலில் கேட்டு அலுத்துப்போய் எழுந்து சென்றுவிட்டார்கள். பட்டியலை ஏமாற்றினால் நஷ்டம் ஒரு பாடகருக்கு மட்டுமல்ல, பாட்டுச் சந்தைக்கே.

இன்று நாம் கேட்கும் பாட்டு ஒவ்வொன்றின் கீழும் எத்தனை பேர் கேட்டார்கள் என்ற எண் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாம் எல்லோரும் எண் தெரியும் உலகத்தில்தான் குடியிருக்கிறோம். அந்த எண் பொய் இல்லை. ஆனால் அது பாட்டின் தரத்தைச் சொல்லும் மதிப்பெண் இல்லை, முதலில் விழுந்த பந்துகளின் வரலாறு. ஒரு கோடிப் பேர் கேட்ட பாட்டை நீங்களும் கேட்டால் அதில் எதுவும் மாறாது. ஐம்பது பேர் கேட்ட பாட்டை நீங்கள் கேட்டு, பிடித்துப் போய், ஒரே வட்டத்தில் இருக்கும் மூன்று நண்பர்களுக்கு அனுப்பினால் பானையின் விகிதம் அசையும். இந்த வாரம் பெயர் தெரியாத ஒருவரின் முதல் ஆல்பத்தை எடுத்து, எண்ணைப் பார்க்காமல், மூன்று முறை கேளுங்கள். முதல் முறை பிடிக்காவிட்டால் அது பாட்டின் குற்றம் என்று உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.